அந்த உடம்புக்குத் தூக்க மாட்டாரா என்ன?

பளுதூக்குதல், வலுதூக்குதல் போட்டிகள் நடக்கும் அரங்குகளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப என் காதில் விழுகிறது. மிகக் கனமான எடைப்பிரிவு வீரர் மேடைக்கு வந்து, அன்று அந்த அரங்கில் வேறு எவரும் அசைத்துக்கூடப் பார்க்க முடியாத எடையைத் தூக்கிவிட்டு இறங்குவார். கைதட்டல் அடங்குவதற்குள் யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம், "அந்த உடம்புக்குத் தூக்க மாட்டாரா என்ன?" என்று சொல்லிவிடுவார். அதற்குச் சற்று முன்பு, அறுபது கிலோவைத் தொடாத ஒருவர் தன் எடையைப் போல இரண்டரை மடங்கைத் தூக்கியபோது வாய்பிளந்து நின்றவரும் அவராகவே இருப்பார். சிறிய உடலின் வலு ஓர் அதிசயம், பெரிய உடலின் வலு அந்த உடலோடு இலவசமாக வந்த இணைப்பு என்ற எண்ணம் அந்த வாக்கியத்துக்குள் இருக்கிறது. புள்ளிக்கணக்கு மேசையில் உட்கார்ந்து பல போட்டிகளைப் பார்த்தவன் என்ற முறையில், அந்த எண்ணத்தோடு எனக்கு ஒருபோதும் ஒத்துப்போகவில்லை. அதற்கு என்ன பதில் சொல்வது என்பதும் நெடுநாள் பிடிபடவில்லை. உடலின் அளவுக்கும் வலுவுக்கும் உள்ள உறவு, பார்த்தவுடன் தோன்றுவதைக் காட்டிலும் சிக்கலானது.

மடங்குக் கணக்கின் கவர்ச்சி

எல்லாரும் முதலில் கையிலெடுப்பது மடங்குக் கணக்கைத்தான். தூக்கிய எடையை உடல் எடையால் வகுத்துவிட்டால் நியாயம் கிடைத்துவிடும் என்று தோன்றுகிறது. இந்தக் கணக்கின் நாயகன் துருக்கியின் பளுதூக்கும் வீரர் நாயிம் சுலைமானோக்லு. 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் அவர் ஸ்நாட்சில் (பாரை ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 152.5 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல் தூக்குவது) 190 கிலோ, மொத்தம் 342.5 கிலோ தூக்கினார். ஒன்றரை மீட்டர் உயரம்கூட இல்லாத ஒரு மனிதர், தன் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேலானதைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தார். அவருக்கு அடுத்த மேல்பிரிவான 67.5 கிலோவில் யோவாகிம் கூன்ஸ் தங்கம் வென்ற மொத்த எடையே 340 கிலோதான். (அந்தப் பிரிவில் முதலில் வென்ற பல்கேரிய வீரர் ஊக்கமருந்துச் சோதனையில் நீக்கப்பட்ட பிறகே கூன்ஸுக்கு அந்தத் தங்கம் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.) இதன் பக்கத்தில், மிகக் கனமான பிரிவைச் சேர்ந்த ஜார்ஜிய வீரர் லாஷா தலகாட்ஸேயை வைத்துப் பாருங்கள். 2021 டிசம்பரில் தாஷ்கண்டில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் அவர் 225, 267 என்று தூக்கி, மொத்தம் 492 கிலோவை எட்டினார். அவருடைய உடல் எடை 175 கிலோவுக்கு மேல். மடங்குக் கணக்கில் சுலைமானோக்லுவின் மொத்தம் 5.7, தலகாட்ஸேயின் மொத்தம் மூன்றைக்கூடத் தொடவில்லை. மனித வரலாற்றில் எவரும் தூக்காத எடையைத் தூக்கியவர், இந்தக் கணக்கின்படி சுலைமானோக்லுவின் வலுவில் பாதியைக்கூட எட்டாதவர் ஆகிவிடுகிறார். ஒரு கணக்கு இப்படிப்பட்ட விடையைத் தரும்போது, விடையைவிடக் கணக்கின் மீதுதான் சந்தேகம் வர வேண்டும்.

கோளாறு எங்கே என்பது பழைய செய்தி. கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலிலேயே, பெரிய விலங்கின் எலும்பு சிறிய விலங்கினுடையதைப் போல அதே விகிதத்தில் தடித்தால் போதாது என்று விளக்கியிருக்கிறார். தசை இழுக்கும் விசை, அந்தத் தசையின் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. உடலின் எடையோ கன அளவைப் பொறுத்தது. உடலின் விகிதங்கள் மாறாமல் உயரம் இரு மடங்கானால் குறுக்குவெட்டு நான்கு மடங்காகும், எடை எட்டு மடங்காகும். கைகால்கள் நீளும்போது நெம்புகோல்களும் நீளும் என்றாலும், தசை இழுக்கும் பக்கமும் சுமை தொங்கும் பக்கமும் ஒரே அளவில் நீள்வதால் அந்த மாற்றம் தன்னைத்தானே ஈடுசெய்துகொள்கிறது. எஞ்சுவது பரப்புக்கும் கன அளவுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. ஆகவே, எல்லா வகையிலும் ஒத்த உடலமைப்பு கொண்ட இருவரில் பெரியவர் கூடுதலாகத் தூக்குவார். ஆனால் அவருடைய மடங்கு எப்போதும் சிறியவருடையதைவிடக் குறைவாகவே இருக்கும். அவருடைய பயிற்சியிலோ மன உறுதியிலோ எந்தக் குறையும் இல்லாதபோதும் அப்படித்தான் இருக்கும். மடங்குக் கணக்கு உழைப்பை அளக்கும் முன்பே உடலளவைக் கணக்கில் எழுதி முடித்துவிடுகிறது.

தூக்கிய எடை உடல் எடையின் மூன்றில் இரண்டு அடுக்குக்கு ஏற்ப உயர வேண்டும், அதாவது உடல் எடை எட்டு மடங்கானால் தூக்கும் எடை நான்கு மடங்காக வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் விதி. 1956-இல் சயன்ஸ் இதழில் வெளியான லீட்ஸ்கியின் சிறு கட்டுரை ஒன்று, அன்றைய பளுதூக்குதல் சாதனைகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்து, ஏறக்குறைய இதே அடுக்கு கிடைப்பதைக் காட்டியது. அழகான விதிதான். ஆனால் அதைச் சுலைமானோக்லுவிலிருந்து தொடங்கித் தலகாட்ஸே வரை நீட்டினால் அந்த அழகு குலைகிறது. 60 கிலோவில் 342.5 என்றால், 175 கிலோ உடலுக்கு ஏறக்குறைய 700 கிலோ மொத்தம் வர வேண்டும். உலகம் கண்டது 492. இருநூறு கிலோவுக்கு மேலான இந்த இடைவெளிதான் இந்த விஷயத்தில் என்னை மிகவும் ஈர்த்தது.

இருநூறு கிலோ எங்கே போயிற்று

உலகச் சாம்பியன்களின் உயரத்தையும் அவர்கள் தூக்கிய எடையையும் ஒப்பிட்டு 2000-இல் வெளியான ஓர் ஆய்வு, இதற்கு ஒரு நல்ல தடயத்தைத் தருகிறது. ஆண்களில் 83 கிலோ வரையிலான பிரிவுகளில், உடலின் சராசரிக் குறுக்குவெட்டுக்கு இவ்வளவு எடை என்ற விகிதம் ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது. அதற்கு மேல் அது சட்டென்று சரிகிறது. சிறிய பிரிவு வீரர்களின் உடலில் தசைக்குரிய பங்கு ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது. கனமான பிரிவுகளில் அந்தப் பங்கு குறைகிறது. மனித உடல் தன் எலும்புச் சட்டத்தின் மேல் ஏற்றிக்கொள்ளக்கூடிய தசைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் கூடும் எடையில் பெரும்பகுதி தசையாக இருப்பதில்லை.

அப்படியானால் அந்த எடையை ஏன் சேர்க்கிறார்கள் என்ற கேள்வி வரும். எடைப்பிரிவுக்கு மேல்வரம்பு இருக்கும்வரை ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வரும். பிரிவுக்குள் நிற்க வேண்டியவர், தூக்க உதவாத எதையும் உடலில் வைத்திருக்க மாட்டார். தன் உயரத்துக்குப் பொருந்தும் பிரிவைத் தேடி, அந்தப் பிரிவுக்குள் எவ்வளவு தசையை அடக்க முடியுமோ அவ்வளவையும் அடக்குவார். அதனால்தான் சிறிய பிரிவுகளின் சாம்பியன்கள் குள்ளமாகவும் திரண்டும் இருக்கிறார்கள். மேல்வரம்பு இல்லாத பிரிவில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கே பத்து கிலோ கூடி, அதில் இரண்டு கிலோ மட்டுமே தசையாக இருந்தாலும் தூக்கும் எடை கூடினால் அது லாபமே. வலுதூக்குதலில் தூக்குகள் மூன்று. பாரைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டின் அடிநிலையில் பருத்த இடுப்பும் வயிறும் உடலைத் தாங்குகின்றன. மல்லாந்து படுத்துப் பாரை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸில் உயர்ந்த நெஞ்சு, பார் கடக்க வேண்டிய தூரத்தைக் குறைக்கிறது. பாரைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்து நிற்கும் டெட்லிஃப்டில் மட்டும் வயிறு குறுக்கே நிற்கும். அதே டெட்லிஃப்டில்தான் இலகுவான வீரர்கள் வியக்கத்தக்க மடங்குகளை எட்டுகிறார்கள். 1985-இல் தன் உடல் எடையின் ஐந்து மடங்கை முதன்முதலில் டெட்லிஃப்ட் செய்த லமார் கான்ட், 60 கிலோ பிரிவில் 300 கிலோவைத் தரையிலிருந்து எடுத்தார். அவருக்கு நீண்ட கைகளும் பக்கவாட்டில் வளைந்த முதுகெலும்பும் இருந்தன. இரண்டும் சேர்ந்து பார் உயர வேண்டிய தூரத்தைக் குறைத்தன. அந்த முதுகெலும்பின் மேல் அந்தச் சுமையை ஏற்றத் துணிந்த மனிதரை நினைத்தால், தூரம் குறைந்தது என்று சொல்லி அதை மதிப்பிறக்க எனக்கு மனம் வராது.

கனமான வீரரைப் பற்றி எவரும் எண்ணிப் பார்க்காத இன்னொன்று, அவர் தூக்குவது பாரை மட்டும் அல்ல என்பது. கிளீனில் பாரைத் தோளில் ஏந்தி, ஆழ உட்கார்ந்து, அங்கிருந்து எழும்போது கால்கள் பாரின் எடையோடு உடலின் பெரும்பகுதியையும் சேர்த்தே மேலே தள்ளுகின்றன. 267 கிலோவோடு எழுந்த தலகாட்ஸேயின் கால்கள் மீது அந்த நேரத்தில் நானூறு கிலோவுக்கு அருகில் இருந்திருக்கும். பலகையில் காட்டப்படும் எண்ணில் அந்த உடல் சேர்வதில்லை. அத்தோடு, ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரமுள்ளவர் பாரைத் தலைக்கு மேல் கொண்டுசெல்லும் தூரம், சுலைமானோக்லு கொண்டுசென்ற தூரத்தைவிட மிக அதிகம். "அந்த உடம்புக்கு" என்று நாம் சொல்லும் அந்த உடம்பே அவருடைய முதல் சுமை. அதை ஒவ்வொரு பயிற்சியிலும், ஒவ்வொரு மாடிப்படியிலும், மூச்சுத்திணறும் ஒவ்வோர் இரவிலும் அவர் சுமக்கிறார்.

இரண்டு அட்டவணைகள், இரண்டு வெற்றியாளர்கள்

இவ்வளவையும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டிருந்தபோதும், என் மனம் உண்மையில் திரும்பியது ஒரு வலுதூக்கும் போட்டியின் முடிவில்தான். எடைப்பிரிவுகளுக்கான பரிசுகள் முடிந்து, போட்டியின் சிறந்த வீரர் யார் என்று தீர்மானிக்கும் நேரம். தூக்கிய எடையை உடல் எடைக்கேற்ற ஒரு குணகத்தால் பெருக்கிப் புள்ளியாக்கும் சூத்திரங்கள் இதற்கு இருக்கின்றன. பளுதூக்குதலில் கனடாவின் ராய் சின்க்ளேர் உருவாக்கிய குணகம். வலுதூக்குதலில் ஆஸ்திரேலியாவின் ராபர்ட் வில்க்ஸ் உருவாக்கிய குணகம் நெடுங்காலம் கோலோச்சியது. பன்னாட்டு வலுதூக்குதல் கூட்டமைப்பு 2019-இல் அதைக் கைவிட்டு வேறொரு முறைக்கு மாறியது, 2020-இல் அதையும் மாற்றியது. அன்று மேசையில் இருந்த மூத்தவர் ஒருவர், பழக்கத்தின் காரணமாகப் பழைய வில்க்ஸ் அட்டவணையிலும் ஒரு முறை பார்த்தார். புதிய முறைப்படி இலகு எடைப்பிரிவைச் சேர்ந்த ஓர் இளைஞர் முதலிடம். பழைய அட்டவணைப்படி, மேல்வரம்பு இல்லாத பிரிவில் வென்ற கனமான வீரர் முதலிடம். தூக்கிய எடைகள் மாறவில்லை, உடல் எடைகள் மாறவில்லை, தூக்கு செல்லுமா என்று காட்டும் நடுவர்களின் விளக்குகள் மாறவில்லை. சிறந்தவர் மட்டும் மாறினார். விதிமுறை புதியதைத்தான் சொன்னது என்பதால் கோப்பை இளைஞருக்குப் போயிற்று. அதில் எவருக்கும் மறுப்பு இல்லை.

பாராட்டிவிட்டு மேசைக்கு வந்த கனமான வீரர் என்னிடம் அமைதியாக ஒன்று கேட்டார்: "அண்ணா, நான் எத்தனை கிலோ குறைச்சிருந்தா எனக்கு வந்திருக்கும்?" குறையாகக் கேட்கவில்லை, அடுத்த போட்டிக்குத் திட்டமிடுபவரின் குரலில் கேட்டார். கணிப்பானில் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் போட்டுப் பார்த்து ஓர் எண்ணைச் சொன்னேன். அவர் தலையசைத்தார். பிறகு, "அந்த எடையில இருந்தா இந்த டோட்டல் எனக்கு வராது அண்ணா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சூத்திரத்தின் உள்ளே இருக்கும் சிக்கலை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அது உடல் எடையைத் தனியாகவும் தூக்கிய எடையைத் தனியாகவும் எடுத்துக்கொண்டு, ஒன்றை மாற்றாமல் மற்றதை மாற்றலாம் என்பதுபோலக் கணக்கிடுகிறது. எந்த வீரரின் உடலிலும் அவை அப்படிப் பிரிந்து இருப்பதில்லை. அந்த எடை பல ஆண்டு பயிற்சியாலும் உணவாலும் உறக்கத்தாலும் கட்டப்பட்டது; அவருடைய வலுவின் ஒரு பகுதி அது. இளைஞருக்கும் இதே நியாயம் பொருந்தும். அவர் ஐந்து கிலோ கூட்டினால் சூத்திரம் எதிர்பார்க்கும் அளவுக்கு அவருடைய டோட்டல் கூடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. எடையை ஏற்றிய பிறகு அதற்கேற்ற வலுவைக் கட்டுவது தனி உழைப்பு. கர்ணம் மல்லேஸ்வரி 1994, 1995 உலகச் சாம்பியன் பட்டங்களை 54 கிலோ பிரிவில் வென்றவர். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 240 கிலோ தூக்கி வெண்கலம் பெற்றதோ 69 கிலோ பிரிவில். அந்தப் பதினைந்து கிலோவைச் சூத்திரத்தில் ஓர் எண்ணை மாற்றுவதுபோல அவர் மாற்றியிருக்க முடியாது.

சூத்திரங்கள் எதை அளக்கின்றன என்பதும் அந்த மாலைக்குப் பிறகே எனக்குத் தெளிவானது. சின்க்ளேர் குணகம் இயற்பியலிலிருந்து வந்ததன்று. அந்தந்தக் காலத்தின் உச்சச் சாதனைகளின் மேல் பொருத்தப்பட்ட ஒரு வளைகோடு அது. ஒவ்வோர் ஒலிம்பிக் சுற்றுக்கும் அதைப் புதிதாகக் கணக்கிடுகிறார்கள். 2017 முதல் 2020 வரையிலான குணகத்தில் சுலைமானோக்லுவின் 342.5 கிலோ ஏறக்குறைய 499 ஆகிறது. 2021 முதல் 2024 வரையிலான குணகத்தில் அதே 342.5 கிலோ ஏறக்குறைய 527 ஆகிறது. 1988-இல் நடந்து முடிந்த ஒரு தூக்கு, இடையில் 28 புள்ளிகள் வளர்ந்துவிட்டது. காரணம், உச்சியில் தலகாட்ஸே போன்றவர்கள் எல்லையைத் தள்ளிவைத்ததும் மொத்த வளைகோடும் அதற்கேற்ப எழுந்ததுதான். கனமானவர் சாதிக்கச் சாதிக்க, இலகுவானவரின் பழைய புள்ளி ஏறுகிறது. ஊக்கமருந்தின் வரலாறும் இந்த வளைகோட்டுக்குள் கலந்தே இருக்கிறது. எந்தச் சாதனை சுத்தமானது, எது அப்படியில்லை என்று ஒரு குணகம் பிரித்தறியாது. ஆகவே அந்தப் புள்ளிகளை, இந்த எடையில் இதுவரை மனிதர்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள், அந்தத் தூரத்தில் இவர் எங்கே நிற்கிறார் என்பதற்கான விவரிப்பாக நான் ஏற்றுக்கொள்கிறேன். அது பயனுள்ள விவரம். கோப்பை கொடுக்கவும் போதுமானது. இருவரில் யார் வலுவானவர் என்பதற்கு அது விடையாகாது.

பிரிவுகள் குறையும்போது

விடையென்று ஒன்று உண்டானால், அதை எடைப்பிரிவில்தான் தேட வேண்டும் என்று நினைக்கிறேன். 1920 ஒலிம்பிக்கில் பளுதூக்குதல் முதன்முறையாக எடைப்பிரிவுகளோடு நடந்தது. ஒரே அளவு உடலுக்குள் எவ்வளவு வலுவைக் கட்ட முடியும் என்ற ஒரே கேள்வியை ஒரே கட்டுப்பாட்டோடு எதிர்கொள்பவர்களை அது ஒன்றாக நிறுத்துகிறது. அங்கே சூத்திரம் வேண்டியதில்லை, பார் சொல்வதே தீர்ப்பு.

அதற்குள்ளும் உடல் எடை ஒரு காலத்தில் தலையிட்டது. 1992 பார்சிலோனாவில் 82.5 கிலோ பிரிவில் பிரோஸ் திமாஸ், கிஷிஸ்டோஃப் ஷெமியோன், இப்ராகிம் சமாதொவ் மூவரும் 370 கிலோ தூக்கினார்கள். சமாதொவின் உடல் எடை மற்ற இருவரைவிட 50 கிராம் கூடுதல் என்பதால் அவருக்கு வெண்கலம். அவர் பதக்கத்தைக் கழுத்தில் ஏற்க மறுத்து, கீழே போட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கினார், வெண்கலம் பறிக்கப்பட்டது. அவர் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு மிடறு தண்ணீரின் எடைதான் அந்த 50 கிராம். அதற்கு வலுவோடு என்ன தொடர்பு என்று கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. சமநிலையில் இலகுவானவருக்கே முன்னுரிமை என்ற அந்த விதி 2017 முதல் நீக்கப்பட்டு, அந்த மொத்தத்தை முதலில் எட்டியவருக்கு முன்னுரிமை என்று மாறியது. அது மிகச் சரியான மாற்றம்.

இப்போது என் கவலையெல்லாம் பிரிவுகளின் எண்ணிக்கை பற்றியது. சிட்னி 2000-இல் ஆண்களுக்கு எட்டுப் பிரிவுகள் இருந்தன. மிக இலகுவானது 56 கிலோ. பாரிஸ் 2024-இல் ஐந்தே பிரிவுகள்; மிக இலகுவானது 61 கிலோ. மேலே ஐந்து கிலோ பெரிதில்லை, 102 கிலோவுக்காரர் அதை உணவில் சரிசெய்துவிடுவார். கீழே அப்படியன்று. மூன்றில் இரண்டு விதியின்படியே 56-இலிருந்து 61-க்குப் போவது ஏறக்குறைய ஆறு விழுக்காடு வலு வேறுபாடு. பதக்கத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் உள்ள தூரம் அது. 2016 ரியோவில் 56 கிலோ பிரிவில் லாங் சிங்சுவான் 307 கிலோவும் ஓம் யுன்-சொல் 303 கிலோவும் தூக்கினார்கள். பாரிசின் 61 கிலோ பிரிவில் தங்கத்துக்கு 310, வெள்ளிக்கு 303, வெண்கலத்துக்கு 298 போதுமானதாக இருந்தது. ஐந்து கிலோ குறைந்த உடல்களோடு ரியோவின் அந்த இருவரும் பாரிசில் பதக்கத்துக்கு நின்றிருப்பார்கள். ஆனால் அவர்கள் தலைமுறைக்கு ஒருமுறை வருபவர்கள். 56 கிலோவில் 280 தூக்கும், பயிற்சியிலும் துணிவிலும் எந்தக் குறையும் இல்லாத ஒருவருக்கு இன்றைய ஒலிம்பிக்கில் நிற்க இடமில்லை. இன்னும் துல்லியமான குணகத்தை யார் கண்டுபிடித்தாலும் மகிழ்ச்சிதான். அதற்கு முன்னால் பட்டியலின் அடியில் அந்த ஒரு பிரிவைத் திரும்பச் சேர்க்க வேண்டும்.